பால்கி நாளின் பச்சை வெளிச்சம்

ஹைதராபாத்
4 செப்டம்பர் 2025

முனைவர் கிளாரிசா மரியஜோசப் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் மாணவி தீப்தி சின்னதுரையின் ஆய்வேடு என் மேசைமேல் கிடக்கிறது. பல்கலைக்கழகம் என்னை வெளித் தேர்வாளராகப் போட்டிருக்கிறது. நாம் இருவரும் சேர்ந்து ஒரு கட்டுரைகூட எழுதியதில்லை, ஆகவே பாரபட்சம் இருக்காது என்று யாரோ முடிவு கட்டியிருக்கிறார்கள். அவர்களுக்கு நம்மைத் தெரியாது.

தேர்வாளர், மாணவியின் வழிகாட்டிக்குக் கடிதம் எழுதக் கூடாது. தெரிந்தேதான் எழுதுகிறேன். மின்னஞ்சல் என்றால் தடயம் இருக்கும். காகிதத்தில் தமிழில் எழுதினால் தங்கள் ஆய்வகத்தில் படிக்க ஆள் கிடையாது. தங்களுக்கே எழுத்துக் கூட்டித்தான் வரும் என்பது என் நினைவு. அவசரமில்லை, மெதுவாகப் படியுங்கள்.

முதலில் பள்ளிக்கூடப் பாடம். ஆய்வேட்டைப் பார்த்த பிறகு இது தேவை என்று தோன்றுகிறது. ஒரு செல்லின் மேற்பரப்பில் ஏற்பி என்று ஒரு புரதம் நீட்டிக்கொண்டிருக்கும். பக்கத்துச் செல்லின்மேல் கொக்கி போல் இன்னொரு புரதம். இரண்டு செல்களும் ஒட்டி உட்காரும்போது கொக்கி ஏற்பியைப் பிடிக்கிறது. பிடித்தால் மட்டும் போதாது. பக்கத்துச் செல் அந்தக் கொக்கியைத் தன் பக்கமாக இழுக்க வேண்டும். இழுத்தால்தான் ஏற்பி விரிந்து கொடுக்கும், நொதி வந்து வெட்டும், வெட்டுப்பட்ட வால் உட்கருவுக்குப் போய் மரபணுவை எழுப்பும். நானும் தாங்களும் ஐந்து வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த பாடம் இது.

தீப்தி சொல்வது வேறு. பக்கத்துச் செல்லே வேண்டாமாம். கொக்கிப் புரதத்தைத் தனியாகப் பிரித்து நீரில் மிதக்க விட்டாலே செல்கள் விழித்துக்கொண்டு, மரபணு எழுந்ததன் அடையாளமாகப் பச்சையாக ஒளிர்கின்றனவாம். பக்கத்துக்குப் பக்கம் பச்சைப் படங்கள், தீபாவளி நேரத்துத் துணிக்கடை போல. மிதக்கும் கொக்கி எதை ஊன்றிக்கொண்டு இழுக்கும் என்ற கேள்வி வழிகாட்டிக்கும் வரவில்லை, மாணவிக்கும் வரவில்லை. மிதக்கும் கொக்கி ஏற்பியில் போய் உட்கார்ந்துகொண்டு, உண்மையான பக்கத்துச் செல்லுக்கு இடம் இல்லாமல் செய்யும். அதற்கு மேல் அதனால் ஒன்றும் ஆகாது.

ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். கொக்கிப் புரதத்தைத் தட்டில் ஊற்றியது செல்களோடு சேர்த்தா, அதற்கு முன்னாலேயா? ஆய்வேட்டில் அது இல்லை. அறிக்கை அனுப்புவதற்கு முன் கேட்கிறேன். இந்தக் கருணையை வழக்கமாக யாருக்கும் காட்டுவதில்லை.

சத்தியவதி


புனே
12 செப்டம்பர் 2025

சத்யா,

அவர்களுக்கு, தங்களுக்கு, படியுங்கள். எவ்வளவு மரியாதை. என் டிபன் பாக்ஸைத் திறந்து முட்டையை மட்டும் கேட்காமல் எடுத்துத் தின்றவள் நீ. இந்தத் தங்களெல்லாம் உன் டைரக்டரிடம் வைத்துக்கொள்.

என் தமிழைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறாய். அப்பா கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலை ஆபீசில் நாள் முழுக்க இங்கிலீஷில் டைப் அடித்தாலும், வீட்டுக்கு வந்து எங்களைத் தமிழ் வேதாகமம் படிக்க வைத்தவர். எனக்கு எழுத்துக் கூட்ட வேண்டியதில்லை. ஏரவாடாவில் உன் வீட்டில் எழுத்து என்று இருந்தது ரேஷன் கார்டு ஒன்றுதான். அதுவும் மராத்தியில்.

உன் கருணையும் எனக்குத் தெரிந்ததுதான். எட்டு வருஷத்துக்கு முன் இதே ஊரில் வேலைக்காக நான் உரையாற்றியபோது கடைசி வரிசையிலிருந்து எழுந்தாய். "இதுக்குக் கன்ட்ரோல் எங்க?" என்று கேட்டாய். எனக்கு ஒப்பீட்டுச் சோதனை வைக்கத் தெரியவில்லை என்று அரங்கமே சிரித்தது. வேலை போயிற்று. இரண்டு வருஷம் ஒரு கல்லூரியில் பி.எஸ்ஸி. பிள்ளைகளுக்கு வெங்காயத் தோல் உரித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். நீ கேட்டது சரியான கேள்விதான். முந்தின நாள் என் அறையில் உட்கார்ந்து நான் செய்த பிரியாணியைத் தின்றாயே, அப்போது கேட்டிருக்கலாம். அப்போது கேட்டால் கைதட்ட ஆள் இல்லை.

இப்போது உன் கேள்வி. புரதத்தை எப்போது ஊற்றினார்கள் என்று தெரிய வேண்டுமா? நீ குளுகுளு அறையில், கைக்கு எட்டும் தூரத்தில் செல்களை வைத்துக்கொண்டு வேலை செய்கிறவள். உனக்கு எங்கள் பாடு தெரியாது. எங்களிடம் செல் வளர்க்கும் அறை இல்லை. பிம்ப்ரியில் ஒரு சிறு நிறுவனம் தயவு பண்ணி வளர்த்துத் தருகிறது. தீப்தி காலையில் வந்ததும் தட்டுகளை எடுத்து, உப்புக் கரைசலில் புரதத்தைக் கலந்து ஊற்றித் தயாராக வைத்துவிட்டு, ரிக்ஷா பிடித்துப் போய்த் தெர்மோகோல் பெட்டியில் செல்களை எடுத்து வருவாள். வந்து சேர்ந்தவுடன் தட்டில் விடுவாள். சீக்கிரம் வந்தால் சீக்கிரம், நேரமானால் நேரம்.

சாமி பல்லக்கோடு பால்கி ஊர்வலம் வந்த அன்று பழைய மும்பை ரோடு முழுக்க அடைத்துவிட்டார்கள். கசார்வாடியில் ரிக்ஷாக்காரன் இறக்கிவிட்டுப் போய்விட்டான். பாதயாத்திரை போகும் வாரிக்காரர்களின் கூட்டத்துக்குள் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்து வந்து சேரும்போது விளக்கு வைத்தாயிற்று. வேறு யாராக இருந்தாலும் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். அவள் உட்கார்ந்து சோதனையை முடித்தாள். ஆய்வேட்டிலேயே பிரகாசமான படம் அன்றைக்கு எடுத்ததுதான். அந்த உழைப்புக்கு முன்னால் உன் பள்ளிக்கூடப் பாடத்தை மடித்து வைத்துக்கொள்.

கிளாரிசா


ஹைதராபாத்
18 செப்டம்பர் 2025

கிளாரிசா,

சரி, நீ என்றே எழுதுகிறேன்.

நான் கேட்டதற்கு முழுப் பதிலையும் எழுதி அனுப்பியிருக்கிறாய். எழுதியது என்னவென்று உனக்குத் தெரியவில்லை என்பதுதான் வேடிக்கை. இரண்டு முறை படித்துவிட்டுச் சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை.

காலையில் ஊற்றிய புரதம் மாலை வரை பிளாஸ்டிக் தட்டில் நிற்கிறது. வெறும் உப்புக் கரைசல், அதில் போட்டி போட வேறு புரதம் ஒன்றும் இல்லை. அது சும்மா மிதந்துகொண்டிருக்குமா? பால் காய்ச்சிய பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டுப் போனால் அடியில் என்ன ஆகிறது என்று உன் வீட்டு வேலைக்காரியைக் கேள். புரதம் தட்டின் தரையில் ஒட்டிக்கொண்டுவிட்டது. பிறகு செல் வந்து அதன்மேல் உட்கார்ந்து ஊர்கிறது. தரையில் பதிந்த கொக்கி ஏற்பியைப் பிடித்துக்கொள்ள, ஊரும் செல் தானே தன்னை இழுத்துக்கொள்கிறது. ஏற்பி விரிகிறது, வெட்டுப்படுகிறது, பச்சை வெளிச்சம் வருகிறது. தொடாமலே செல் விழித்தது என்று நீ ஊதிக்கொண்டிருக்கிறாய். அதைத் தொட்டு இழுத்தது உன் தட்டுதான்.

படங்களுக்கு அடியில் தேதி போட்டிருக்கிறாள் தீப்தி. அந்த ஒரு விஷயத்தில் உன்னைவிட ஒழுங்கானவள். ஊர்வல நாட்களை நான் மறக்கவில்லை, நானும் அந்த ரோட்டில் பஸ்ஸுக்குள் மாட்டிக்கொண்டவள்தான். பளிச்சென்ற படங்கள் எல்லாம் பால்கி நாளிலும் கணபதி சிலை கரைக்கும் விசர்ஜன் நாளிலும் எடுத்தவை. மங்கலானவை எல்லாம் ஞாயிற்றுக்கிழமை. இதற்கு நீங்கள் கொடுத்திருக்கும் விளக்கம், செல்களின் இயல்பான ஏற்ற இறக்கம். ஏற்ற இறக்கம் செல்லுக்கு இல்லை கிளாரிசா. டிராபிக்குக்கு.

செய்ய வேண்டியது சின்ன வேலை. தட்டின் தரையை முதலில் அல்புமின் புரதத்தால் மூடிவிடு. ஒட்ட இடம் இருக்காது. அதன்பின் கொக்கிப் புரதத்தை ஊற்றி, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வைத்துவிட்டு, செல்களைப் போடு. அப்போதும் ஒளிர்ந்தால் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போடுகிறேன். முதல் வருஷ மாணவன் செய்கிற கன்ட்ரோல் இது. உன் ஆய்வகத்தில் நாலு வருஷமாக யாருக்கும் தோன்றவில்லை.

சத்தியவதி


புனே
27 செப்டம்பர் 2025

சத்யா,

செய்ய மாட்டேன்.

செய்யத் தெரியாமல் இல்லை. நீ விரலைச் சொடுக்கினால் நான் தட்டு கழுவ வேண்டும் என்று ஒரு நினைப்பு இருக்கிறதே, அதற்காகவே செய்ய மாட்டேன். உன் விளக்கம் அழகாக இருக்கிறது. உன் விளக்கங்கள் எப்போதும் அழகாகத்தான் இருக்கும். நீ சொந்தமாக எதையாவது கண்டுபிடித்து எத்தனை வருஷம் ஆயிற்று? அடுத்தவர் வேலையில் ஓட்டை பார்த்தே பேர் வாங்கிவிட்டாய்.

தீப்தி யார் என்று உனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் வழக்கமும் உனக்கு இல்லை. அவள் அப்பா சின்னதுரை கசார்வாடியில் லேத் பட்டறையில் வேலை செய்கிறார். இரும்புத் தூள் ஏறிய கையோடு ஒரு நாள் என்னைப் பார்க்க வந்து, "படிப்பு முடிஞ்சா புள்ள டாக்டர்னு போட்டுக்கலாமா மேடம், ஊசி போடாட்டியும்?" என்று கேட்டார். போட்டுக்கொள்ளலாம் என்றேன். வியன்னாவில் ஒரு ஆய்வகம் அவளை எடுத்துக்கொண்டிருக்கிறது. டிசம்பருக்குள் பட்டம் கையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். சின்னதுரை இப்போதே தெரு முழுக்கப் பேடா கொடுத்துவிட்டார்.

நீ வேண்டுவது என்ன? சத்தியவதி சரி, கிளாரிசா தப்பு என்று இன்னொரு முறை நாலு பேர் கேட்கச் சொல்ல வேண்டும். அதற்கு இந்தப் பெண்ணின் தலைதான் கிடைத்ததா?

மிதக்கும் கொக்கியைப் பற்றி எழுதியிருந்தாயே, பிடிக்கும், இழுக்காது, வந்து உட்கார்ந்து இடத்தை அடைக்கும் என்று. படிக்கும்போது எனக்கு உன் முகம்தான் ஞாபகம் வந்தது. நீ யாரையும் தூக்கிவிட்டதாக எனக்குத் தெரியவில்லை. சரியானதைச் சொல்லிவிட்டுத் தள்ளி நின்று பார்ப்பாய். கையெழுத்துப் போடு சத்யா. மிச்சத்தை அவள் வியன்னாவில் கற்றுக்கொள்வாள்.

கிளாரிசா


ஹைதராபாத்
6 அக்டோபர் 2025

கிளாரிசா,

போட மாட்டேன்.

வியன்னாவில் கற்றுக்கொள்வாளாம். வியன்னாவில் அவளை உட்கார வைத்து முதல் வாரமே இந்தச் சோதனையைத் திரும்பச் செய்யச் சொல்வார்கள். அவர்கள் தட்டு தயாரான நிமிஷமே செல் தட்டில் இருக்கும். ஊர்வலம் இருக்காது. வெளிச்சமும் வராது. அப்போது அந்தப் பெண் பொய்க்காரி என்று பெயர் வாங்குவாள், அவளுக்கே காரணம் தெரியாமல். அவள் அப்பாவின் பேடாவைப் பற்றி எழுதி என்னைக் கரைக்கப் பார்க்காதே. லேத் பட்டறையில் அளவு தப்பினால் அவர் பேடா கொடுத்துச் சமாளிப்பாரா?

நான் நேரே அறிக்கை அனுப்பினால் அது நிராகரிப்பு என்று பதிவாகும். வழிகாட்டியே முன்வந்து திருத்த அவகாசம் கேட்டால் வெறும் திருத்தம். பெண்ணின் பெயரில் கறை இருக்காது. இதற்காகத்தான் விதியை மீறி உனக்கு எழுதினேன். இதையும் வில்லத்தனம் என்று நீ எடுத்துக்கொண்டால் எனக்கு ஒன்றும் நஷ்டம் இல்லை.

இந்த மாதக் கடைசிவரை பொறுப்பேன். சோதனையை அவள் கையில் கொடுக்காமல் நீயே செய். பைப்பெட் பிடிக்க மறந்திருந்தால் யாரையாவது கேள்.

சத்தியவதி


புனே
25 அக்டோபர் 2025

சத்யா,

தீபாவளி விடுமுறையில் ஆய்வகம் காலியாக இருந்தது. யாரும் பார்க்க வேண்டாம் என்று நானே பிம்ப்ரிக்குப் போய்ச் செல்களை எடுத்து வந்தேன். பைப்பெட் பிடிக்க மறக்கவில்லை.

அல்புமினால் மூடிய தட்டுகள் இருண்டு கிடந்தன. ஒரு செல்கூட ஒளிரவில்லை. மூடாத தட்டில் புரதத்தை நெடுநேரம் ஊற வைத்து, மிதக்கும் புரதத்தையெல்லாம் கழுவிக் கொட்டிவிட்டு, புரதம் ஒட்டிய தரைமேல் செல்களை விட்டேன். பச்சை அள்ளிக்கொண்டு போயிற்று. பால்கி நாள் படத்தைவிடப் பிரகாசம். நீ சொன்னது எழுத்துக்கு எழுத்து நடந்தது. உனக்கு எவ்வளவு இனிப்பாக இருக்கும் என்று நினைத்து, அந்த மைக்ராஸ்கோப் அறையிலேயே வாய்விட்டுத் திட்டினேன்.

தீப்தியிடம் சொன்னேன்.  அவள் கேட்டாள்: "மேடம், ஃபர்ஸ்ட் இயர்லயே இந்த அல்புமின் வெச்சு செய்யலாமான்னு நான் கேட்டேனே. டைம் வேஸ்ட்னு நீங்கதானே சொன்னீங்க?"

சொன்னேன்தான். உன் குரலில் கேட்ட மாதிரி இருந்தது, அதனால் எரிச்சலில் சொன்னேன். இதைத் தெரிந்துகொண்டு நீ மகிழலாம்.

திருத்த அவகாசம் கேட்டு இன்று எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆய்வேட்டைத் தலைகீழாகத் திருப்பி எழுத வேண்டும். ஐந்து மாதம் ஆகும். வியன்னாவுக்கும் உண்மையைச் சொல்லி அவளே எழுதினாள். வருத்தம் தெரிவித்துப் பதில் வந்துவிட்டது. இடம் போய்விட்டது. சின்னதுரைக்கு இன்னும் சொல்லவில்லை.

கிளாரிசா


ஹைதராபாத்
3 நவம்பர் 2025

கிளாரிசா,

திருத்தம் என்றே என் அறிக்கையும் போயிருக்கிறது. நிராகரிப்பு என்ற சொல் எங்கும் இல்லை.

மகிழ்ச்சி என்று கேட்டாயானால், உண்டு. கழுவிய தட்டில் செல்களை விட்ட அந்த இரண்டாவது சோதனையை நான் உனக்குச் சொல்லவில்லை. நீயாக யோசித்துச் செய்திருக்கிறாய். உன் ஆய்வகத்திலிருந்து வந்த முதல் உருப்படியான முடிவு அதுதான். அதையே அந்தப் பெண் எழுதட்டும். கொக்கி ஒட்டிய பிளாஸ்டிக் தரையே பக்கத்துச் செல்லின் வேலையைச் செய்யும், இழுவைதான் முக்கியம் என்பது நல்ல ஆய்வேடு. முன்பு இருந்ததைவிட எவ்வளவோ மேல்.

வியன்னா போனது வருத்தம்தான். இடங்கள் வரும், போகும். தப்பான ஆய்வேட்டோடு போயிருந்தால் திரும்பி வர இடம் இருந்திருக்காது. இதை அவளுக்குப் புரிய வைப்பது வழிகாட்டியின் வேலை. உன்னால் முடியாவிட்டால் இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டு.

வைவா வாய்மொழித் தேர்வுக்கு நான் அங்கே வர வேண்டியதில்லை. திரையில் முடித்துக்கொள்ளலாம் என்று தேர்வுப் பிரிவுக்கு எழுதியிருக்கிறேன். புனேவுக்கு வந்து, உன் ஆபீசில் உட்கார்ந்து, உன் டீயைக் குடிக்கும் ஆசை எனக்கு இல்லை. உனக்கும் இருக்காது.

சத்தியவதி


புனே
14 நவம்பர் 2025

சத்யா,

ஏப்ரல் வைவாவின் நோட்டீஸை இப்போதே போட்டுவிட்டார்கள், அதில் வெளித் தேர்வாளரின் பெயர் வரும். உனக்குத் தெரியும். நோட்டீஸைப் பார்த்துவிட்டு உன் இணையப் பக்கத்தைத் திறந்த தீப்தி, உன் போட்டோவைப் பார்த்ததும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வந்தாள்.

"மேடம், இவங்கதானே எக்ஸாமினர்? இவங்கள எனக்குத் தெரியும். ரெண்டு வருஷம் முன்னாடி ஹைதராபாத் கான்ஃபரன்ஸ்ல என் போஸ்டர் கிட்ட வந்தாங்க. ஃபுல்லா படிச்சாங்க. நான் தமிழ்லயே பேச ட்ரை பண்ணேன். கீழ உங்க பேர் இருந்துச்சு, அதப் பாத்தாங்க. அப்புறம் லேசா சிரிச்சிட்டுப் போயிட்டாங்க."

நான் முதலில் உனக்காகத்தான் பேசினேன், நம்ப மாட்டாய். ஆயிரம் போஸ்டர் பார்க்கிறவர்கள், கவனிக்காமல் போயிருப்பார்கள் என்றேன். அவள் கேட்கவில்லை. "இல்ல மேடம். டிஷ் எந்த பிளாஸ்டிக், எந்தக் கம்பெனின்னு கேட்டாங்க. நான் சொன்னேன். அதுக்கப்புறம்தான் சிரிச்சாங்க" என்றாள்.

தட்டின் பிளாஸ்டிக்கைக் கேட்டிருக்கிறாய். அப்படியானால் அன்றைக்கே உனக்குத் தெரியும். ஆறு அடி தூரத்தில் அந்தப் பெண் நின்றிருக்கிறாள், உன்னோடு தமிழில் பேச வாய் வராமல் திணறிக்கொண்டு. "தரையை மூடிப் பார்" என்று சொல்ல உனக்கு அரை நிமிஷம் ஆகியிருக்காது. கீழே என் பெயர் இருந்ததால் சொல்லவில்லை. என்னை வெறுக்க உனக்குக் காரணம் இருக்கலாம். எனக்கும் இருக்கிறது. அவள் முதல் வருஷத்தில் கேட்டபோது உன் ஞாபகத்தில் நான் வாயை அடைத்தேன். நடுவில் ஒரு வழி திறந்தது, அதை என் ஞாபகத்தில் நீ அடைத்தாய். உன்னை இத்தனை வருஷம் கர்வம் பிடித்தவள் என்றுதான் நினைத்திருந்தேன். நீ அதைவிட அற்பம். நானும் உனக்குக் குறைந்தவள் இல்லை, அதையும் எழுதிவிடுகிறேன்.

சின்னதுரையிடம் நேற்று நானே போய்ச் சொன்னேன். பட்டறைக்கு வெளியே ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார். அரை கிளாஸ் கட்டிங் சாய் வாங்கிக் கொடுத்தார். எல்லாம் கேட்டுவிட்டு, "அந்த மேடத்துக்கு என் புள்ள மேல எதாச்சும் கோவமா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்பறம் ஏன் மேடம் அன்னைக்கே சொல்லல?" என்றார்.  டீ கிளாஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்து வந்தேன்.

திரையில் வைவா வேண்டாம் என்று தேர்வுப் பிரிவுக்கு எழுதிக் கொடுத்து ஒப்புதலும் வாங்கிவிட்டேன். ஏப்ரலில் நீ புனேவுக்கு நேரில் வருகிறாய். என் டீயைக் குடிக்க வேண்டியதில்லை, என் ஆபீசுக்குள் வரவும் வேண்டியதில்லை. நேரே அரங்குக்கு வா. சின்னதுரை பட்டறைக்கு லீவு போட்டுவிட்டு முன்வரிசையில் உட்காரப் போகிறார். உன் கேள்விகளையெல்லாம் தயாராக வைத்துக்கொள், அவள் பதில் சொல்வாள். ஆனால் முதல் கேள்வியை அவள் உன்னிடம் கேட்கப் போகிறாள். கேட்கலாமா என்று என்னிடம் வந்து அனுமதி கேட்டாள். கொடுத்துவிட்டேன்.

கிளாரிசா